இரு மொழிகளில் ஒரு வாக்குறுதி: வைத்தாங்கி உடன்படிக்கையும் மாவோரி நிலமும்



நினைவுச் சொற்பொழிவு என்பது மறைந்தவரைப் புகழ்ந்துவிட்டுக் கலைந்துபோகும் சடங்காகிவிடக் கூடாது. அவர் விட்டுச்சென்ற கேள்விகளில் ஒன்றை எடுத்து, கூடிப் பேசி, அடுத்த தலைமுறையின் கையில் கொடுப்பதே நாம் செலுத்தக்கூடிய மரியாதை. இம்முறை நாம் எடுத்துக்கொண்ட கேள்வி நிலம் பற்றியது. ஆள்பவர் எழுதிக் கொடுத்த தாள் இருக்கிறது. நிலம் உங்களுடையது என்று அந்தத் தாள் சொல்கிறது. நிலமோ வேறொருவர் கையில் இருக்கிறது. இந்த நிலை எப்படி உண்டாகிறது?

பஞ்சமி நிலத்திற்காக வட்டாட்சியர் அலுவலகத்துக்கும் நீதிமன்றத்துக்கும் நடந்து தேய்ந்தவர்களுக்கு இக்கேள்வியை விளக்க வேண்டியதில்லை. ஆனால் இதே கேள்வியோடு 180 ஆண்டுகளுக்கும் மேலாக மல்லுக்கட்டி வரும் இன்னொரு மக்களை நாம் அதிகம் அறியோம். நியூசிலாந்தின் பூர்வகுடிகளான மாவோரி மக்கள் அவர்கள். தங்கள் நாட்டை அவர்கள் ஆவோட்டியரோவா என்று அழைக்கிறார்கள். 1840இல் பிரிட்டிஷ் முடியரசோடு அவர்கள் செய்துகொண்ட உடன்படிக்கையின் கதையை இன்று பேசுவோம்.

1. தாள் எழுதப்பட்ட விதம்

1830களில் நியூசிலாந்தில் திமிங்கில வேட்டைக்காரர்களும் மரவணிகர்களும் கிறித்துவ ஊழியர்களுமாக ஏறத்தாழ இரண்டாயிரம் ஐரோப்பியர்களே இருந்தனர். மாவோரிகள் அவர்களைப் போலப் பல மடங்கு. படை, நிலம், உணவு எல்லாம் மாவோரிகளின் கையில். 1835 அக்டோபர் 28 அன்று வடபகுதித் தலைவர்கள் கூடி, தங்கள் நாடு சுதந்திர நாடு என்று அறிவித்து ஓர் ஆவணத்தில் ஒப்பமிட்டனர். பிரிட்டிஷ் அரசு அதை ஏற்றுக்கொண்டது.

இதனால்தான் பிரிட்டனுக்கு உடன்படிக்கை தேவைப்பட்டது. பக்கத்திலிருந்த ஆஸ்திரேலியாவில் அது தேவைப்படவில்லை. அங்கே 1835இல் ஜான் பேட்மன் என்ற குடியேறி, போர்ட் பிலிப் பகுதியின் பூர்வகுடித் தலைவர்களோடு நில ஒப்பந்தம் ஒன்றைச் செய்தபோது, ஆளுநர் பர்க் அதைச் செல்லாது என்று அறிவித்தார். விற்பதற்கு அம்மக்களுக்கு நிலமே இல்லை, எல்லாம் முடியரசின் நிலம் என்பது அவர் வாதம். அதே பேரரசு, அதே பத்தாண்டு, கடலுக்கு அப்பால் வேறு சட்டம். எங்கே பூர்வகுடிகளின் கை ஓங்கியிருந்ததோ, அங்கே பேரரசு ஒப்பம் கேட்டது. எங்கே தன் கை ஓங்கிவிட்டதாக அது நினைத்ததோ, அங்கே அறிவிப்பு மட்டும் போதுமானதாக இருந்தது.

1839இல் நியூசிலாந்து கம்பெனி என்ற தனியார் நிறுவனம் நிலம் வாங்கிக் குடியேற்றம் நடத்தக் கப்பல்களை அனுப்பியது. அதை முந்திக்கொள்ள லண்டன் அரசு கேப்டன் வில்லியம் ஹாப்சனை அனுப்பியது. 1840 ஜனவரி இறுதியில் வந்து சேர்ந்த ஹாப்சன், பிரிட்டிஷ் பிரதிநிதி ஜேம்ஸ் பஸ்பியின் உதவியோடு ஓர் ஆங்கில வரைவை உருவாக்கினார். பிப்ரவரி 4 இரவு, ஹென்றி வில்லியம்ஸ் என்ற ஊழியரும் அவர் மகன் எட்வர்டும் அதை மாவோரி மொழியில் பெயர்த்தனர். ஒரு நாட்டின் தலையெழுத்து ஒரே இரவில் மொழிபெயர்க்கப்பட்டது.

மறுநாள் வைத்தாங்கியில் கூட்டம். தலைவர்கள் ஆட்டுமந்தை போலத் தலையாட்டிவிடவில்லை. தே கேமாரா என்ற தலைவர், தன்னிடமிருந்து எடுத்த நிலத்தைத் திருப்பிக் கொடுங்கள் என்று வில்லியம்ஸையும் பஸ்பியையும் முகத்துக்கு நேராகக் கேட்டார். வந்த வழியே திரும்பிப் போங்கள் என்று ஹாப்சனிடம் சொன்னவர்களும் உண்டு. ஒரு பகலும் ஓர் இரவும் விவாதித்த பிறகே, பிப்ரவரி 6 அன்று நாற்பதுக்கும் மேற்பட்ட தலைவர்கள் ஒப்பமிட்டனர். முதலில் ஒப்பமிட்டவர் ஹோனே ஹெக்கே. சிலர் தங்கள் முகத்தில் பச்சை குத்தியிருந்த கோலத்தின் ஒரு பகுதியையே கையெழுத்தாக வரைந்தனர். நம் ஊரில் கைநாட்டு என்றால் இழிவு. அங்கே அது வம்சத்தின் முத்திரை.

அடுத்த சில மாதங்களில் பிரதிகள் நாடெங்கும் எடுத்துச் செல்லப்பட்டன. 500க்கும் மேற்பட்டோர் ஒப்பமிட்டனர். அவர்களில் பெண்களும் இருந்தனர். இவர்களில் ஆங்கிலப் பிரதியில் ஒப்பமிட்டவர்கள் வெறும் 39 பேர். மற்ற அனைவரும் மாவோரிப் பிரதியில்தான் ஒப்பமிட்டனர். ஒப்பமிட மறுத்த பெருந்தலைவர்களும் இருந்தனர். வைகாத்தோ பகுதியின் தே ஃபெரோஃபெரோ அவர்களில் ஒருவர். அவர் பெயரை நினைவில் வைத்துக்கொள்வோம்.

2. சொல்லுக்குள் இருந்த பொறி

சொல்லைத் தோண்டினால் வரலாறு கிடைக்கும் என்பதை அயோத்திதாசப் பண்டிதரிடம் நாம் கற்றோம். வைத்தாங்கி அதற்கு நல்ல எடுத்துக்காட்டு.

உடன்படிக்கையில் மூன்றே கூறுகள். ஆங்கிலத்தில் முதல் கூறு, தலைவர்கள் தங்கள் இறையாண்மை முழுவதையும் ராணிக்குக் கொடுத்துவிடுகிறார்கள் என்கிறது. மாவோரியில் அந்த இடத்தில் இருக்கும் சொல் 'காவனதங்கா'. ஆளுநர் என்பதன் ஆங்கிலச் சொல்லை மாவோரி நாக்கு 'காவன' ஆக்கியிருந்தது. அதிலிருந்து பிறந்த புதுச் சொல் இது. நிர்வாகம், மேற்பார்வை என்று பொருள் கொள்ளலாம். மாவோரி விவிலியத்தில் பிலாத்து ஒரு காவன. அவனுக்கு மேலே பேரரசன் இருந்தான் என்பது விவிலியம் படித்த எவருக்கும் தெரியும்.

இரண்டாம் கூறு இன்னும் முக்கியமானது. ஆங்கிலம், நிலம், காடு, மீன்பிடி இடங்கள் ஆகியவற்றின் மீதான உடைமை மாவோரிகளுக்கே என்கிறது. மாவோரிப் பிரதி, நிலங்கள், ஊர்கள், 'தவோங்கா' அனைத்தின் மீதும் 'தீனோ ரங்கத்திராதங்கா' அவர்களுக்கே என்கிறது. தவோங்கா என்றால் போற்றிக் காக்கும் செல்வம். ரங்கத்திரா என்றால் தலைவர். ரங்கத்திராதங்கா என்பது தலைமையின் முழு அதிகாரம். கர்த்தர் கற்பித்த ஜெபத்தில் 'உம்முடைய ராஜ்யம்' என்று வரும் இடத்தில் ஊழியர்கள் போட்ட சொல்லும் இதுதான்.

ஆக, ஒரு மாவோரித் தலைவர் கேட்டது என்ன? 'ஆளுநரை வைத்துக்கொள்ளும் உரிமை ராணிக்கு. ராஜ்யம் உங்களுக்கு.' ஆங்கில அதிகாரி எழுதிக்கொண்டது என்ன? 'ராஜ்யம் ராணிக்கு. பட்டா உங்களுக்கு.'

மொழிபெயர்ப்பாளருக்கு வேறு சொல் தெரியாதா? 1835இன் சுதந்திர அறிவிப்பை மொழிபெயர்த்ததும் இதே வில்லியம்ஸ்தான். அதில் இறைமை அதிகாரத்தைக் குறிக்க 'மனா' என்ற சொல் வந்திருக்கிறது. ஆட்சிச் செல்வாக்கு, பெருமை, புனித ஆற்றல் எல்லாம் சேர்ந்த சொல் அது. மனாவை ராணிக்குக் கொடுங்கள் என்று 1840இல் கேட்டிருந்தால் எத்தனை பேர் ஒப்பமிட்டிருப்பார்கள்? வரலாற்றாய்வாளர்கள் இன்றும் எழுப்பும் கேள்வி இது. வில்லியம்ஸின் மனத்தை நாம் எட்டிப் பார்க்க முடியாது. ஒரு சொல்லைத் தவிர்த்ததால் யாருக்கு ஆதாயம் என்பதைப் பார்க்க முடியும்.

இரண்டாம் கூறில் இன்னொரு வரியும் இருந்தது. மாவோரி நிலத்தை விற்றால் முடியரசுக்கு மட்டுமே விற்க வேண்டும். ஏமாற்று வணிகர்களிடமிருந்து காப்பாற்றவே இந்த ஏற்பாடு என்றார்கள். ஒரே ஒரு ஆள் மட்டும் வாங்கக்கூடிய சந்தையில் விலையை யார் வைப்பார்? 1848இல் தென்தீவின் பெரும் பரப்பை நாய் தாஹு மக்களிடமிருந்து அரசு 2,000 பவுண்டுக்கு வாங்கியது. கெம்ப் கொள்முதல் என்று அதற்குப் பெயர். அம்மக்களுக்கு ஒதுக்கிய நிலம் ஆளுக்குச் சுமார் 10 ஏக்கர். வாங்கிய நிலத்தைக் குடியேறிகளுக்குக் கூடுதல் விலைக்கு விற்று, அந்தப் பணத்தில் காலனி வளர்ந்தது. மறு ஆண்டே, 1849இல், மத்தியாஹா திராமோரேஹு என்ற தலைவர் இந்த அநீதியைக் கண்டித்து அரசுக்கு எழுதினார். அந்த வழக்கு அடங்கியது 1998இல். இடையில் 149 ஆண்டுகள்.

3. போர், நீதிமன்றம், ஏலம்

முதல் ஒப்பமிட்ட ஹோனே ஹெக்கேதான் முதல் ஏமாற்றத்தையும் உரக்கச் சொன்னார். 1844-45இல் கொரோராரெக்காவில் பறந்த பிரிட்டிஷ் கொடியின் கம்பத்தை அவரும் அவருடைய ஆட்களும் நான்கு முறை வெட்டிச் சாய்த்தனர்.

1860இல் தாரானாக்கியின் வைத்தாராவில், குழுத்தலைவர் வீரெமு கிங்கி மறுத்தபோதும், ஒரு தனி ஆளிடமிருந்து அரசு நிலத்தை வாங்க முனைந்தது. பொது நிலத்தை ஒருவர் விற்க முடியாது என்றார் கிங்கி. போர் மூண்டது. 1863 ஜூலையில் படை வைகாத்தோவுக்குள் நுழைந்தது. அதே ஆண்டு இயற்றிய சட்டத்தின்படி, ராணிக்கு எதிராகக் கலகம் செய்தவர்களின் நிலம் பறிமுதல் செய்யப்பட்டது. வைகாத்தோவில் மட்டும் 12 லட்சம் ஏக்கர். தே ஃபெரோஃபெரோவை இப்போது நினைவுகூர்வோம். 1840இல் ஒப்பமிட மறுத்தவர் அவர். 1858இல் மாவோரிகள் தங்களுக்கென ஓர் அரசரைத் தேர்ந்தபோது முதல் அரசரானவரும் அவரே. ஒப்பமே இடாத ஒருவரின் மக்களை, ராணிக்குக் கீழ்ப்படியவில்லை என்று சொல்லித் தண்டித்தார்கள்.

ஆனால் துப்பாக்கி பறித்ததைவிட நீதிமன்றம் பறித்தது அதிகம். இது நாம் நின்று நிதானித்துப் பார்க்க வேண்டிய இடம்.

1865இல் பூர்வகுடி நில நீதிமன்றம் அமைந்தது. மாவோரி நிலம் அதுவரை குழுவின் கூட்டு உரிமை. ஒருவருக்கு மீன் பிடிக்க உரிமை, இன்னொருவருக்குக் கிழங்கு பயிரிட, மற்றொருவருக்குப் பறவை பிடிக்க. இந்தப் பின்னலைப் பிரித்து, ஒவ்வொரு துண்டுக்கும் பெயர் எழுதிய உரிமைப் பத்திரம் கொடுப்பதே நீதிமன்றத்தின் வேலை. தொடக்க ஆண்டுகளில் ஒரு துண்டு நிலத்துக்குப் பத்துப் பேர் வரை மட்டுமே உரிமையாளராக எழுதப்பட்டனர். நூற்றுக்கணக்கான பேர் வாழ்ந்த நிலத்தில் பத்துப் பேருக்குப் பெயர். மீதிப் பேர் ஒரே நாளில் நிலமற்றவர்கள்.

அந்தப் பத்துப் பேரை மடக்குவது கடினமா? வழக்கு நடக்கும் நகரத்தில் வாரக்கணக்கில் தங்க வேண்டும். அளவைக்கு நில அளவையருக்குக் கூலி, நீதிமன்றக் கட்டணம், கடையில் மாவும் சர்க்கரையும் கடனாக. வழக்கு முடிவதற்குள் கடன் ஏறிவிடும். கடனை அடைக்க நிலம் போகும். வராமல் ஊரிலேயே இருந்துவிட்டாலோ, வந்தவர் பெயருக்கு நிலம் எழுதப்பட்டுவிடும். வழக்காடினாலும் இழப்பு, வழக்காடாவிட்டாலும் இழப்பு. இதில் ஒரு துப்பாக்கியும் வெடிக்கவில்லை. எல்லாம் முத்திரையோடு, சட்டப்படி நடந்தது.

1877இல் வந்த ஒரு தீர்ப்பு இதற்கு முடி சூட்டியது. நாட்டி தோவா மக்கள் தங்கள் பிள்ளைகள் படிக்கப் பள்ளிக்கூடம் கட்டும்படி 1848இல் ஆங்கிலிக்கன் திருச்சபைக்கு நிலம் கொடுத்திருந்தனர். பள்ளி கட்டப்படவே இல்லை. நிலம் மட்டும் பேராயர் பெயரில் பதிவானது. நிலத்தைத் திருப்பிக் கேட்டு வீ பராத்தா வழக்குத் தொடுத்தார். தலைமை நீதிபதி பிரெண்டர்காஸ்ட் வழக்கைத் தள்ளியதோடு, வைத்தாங்கி உடன்படிக்கை இறைமையைக் கைமாற்றிய அளவில் வெறும் சூனியம் என்றார். நாகரிகமற்றவர்களுக்கு ஒப்பந்தம் செய்யும் தகுதி கிடையாது என்பது அவர் வைத்த காரணம். ஒப்பம் வாங்கும்போது இருந்த தகுதி, ஒப்பத்தைக் காட்டி நியாயம் கேட்கும்போது காணாமல் போயிற்று.

அந்தத் தாளுக்கு என்ன ஆயிற்று என்று கேட்கலாம். அரசுக் கட்டடம் ஒன்றின் அடித்தளத்தில் அது போட்டுவைக்கப்பட்டிருந்தது. 1908இல் ஹாக்கன் என்ற மருத்துவரும் நூல் சேகரிப்பாளருமான ஒருவர் தேடி எடுத்தபோது, ஈரம் அரித்து, எலி கடித்துக் கிடந்தது.

4. மறக்காதவர்கள்

அரசு எலிக்குப் போட்ட தாளை மக்கள் மனத்தில் வைத்திருந்தார்கள்.

தாரானாக்கியின் பரிஹாகா என்ற ஊர் அதற்குச் சான்று. தே ஃபீட்டி, தோஹு என்ற இரு தலைவர்களின் வழிகாட்டலில் அவ்வூர் மக்கள் ஆயுதம் எடுக்க மறுத்தனர். 1879இல், பறிமுதல் என்று சொல்லி அளக்கப்பட்ட நிலங்களில் கலப்பை கட்டி உழுதனர். கைது செய்தால் அடுத்த வரிசை உழ வந்தது. கைதானவர்களில் பெரும்பாலோர் விசாரணையே இன்றித் தென்தீவுச் சிறைகளுக்கு அனுப்பப்பட்டனர். 1881 நவம்பர் 5 அன்று ஏறத்தாழ 1,600 படையினர் ஊரைச் சூழ்ந்தபோது, வாசலில் அவர்களை எதிர்கொண்டது பாடும் குழந்தைகள். ஊர் மக்கள் அசையாமல் தரையில் அமர்ந்திருந்தனர். தலைவர்கள் கைதாயினர், வீடுகள் இடிக்கப்பட்டன. நம்மில் பலர் அறவழிப் போராட்டம் என்றாலே ஒரே பெயரைச் சொல்லிப் பழகியிருக்கிறோம். பரிஹாகாவையும் சொல்லிப் பழகுவோம்.

1975 செப்டம்பரில் 79 வயதான ஃபீனா கூப்பர் தலைமையில் ஒரு நடைப்பயணம் வடமுனையிலிருந்து புறப்பட்டது. ஏறத்தாழ ஆயிரம் கிலோமீட்டர் நடந்து அக்டோபர் 13 அன்று தலைநகர் வெலிங்டனின் நாடாளுமன்றத்தை அடைந்தது. இனி ஓர் ஏக்கர் மாவோரி நிலம்கூடப் போகக் கூடாது என்பதே முழக்கம். அதே ஆண்டு வைத்தாங்கி தீர்ப்பாயச் சட்டம் நிறைவேறியது. ஆனால் 1975க்குப் பிந்தைய மீறல்களை மட்டுமே தீர்ப்பாயம் விசாரிக்கலாம் என்று வரம்பு. கொள்ளை முடிந்த பிறகு காவல் வைத்தது போல.

1977 ஜனவரியில் ஆக்லாந்து நகரின் பாஸ்டியன் முனையில் ஓராக்கே மக்கள் கூடாரம் அடித்தனர். அங்கிருந்த 700 ஏக்கர் நிலத்தை, எக்காலத்திலும் கைமாற்றக் கூடாது என்று நில நீதிமன்றமே 19ஆம் நூற்றாண்டில் தீர்ப்பளித்திருந்தது. பிறகு அதே நீதிமன்றம் நிலத்தைத் தனித்தனிப் பங்குகளாகப் பிரித்தது. பங்கு பங்காக நிலம் போயிற்று. 1950களின் தொடக்கத்தில் ஊரையே காலி செய்து எரித்துவிட்டார்கள். எஞ்சியது கால் ஏக்கர் இடுகாடு. கைமாற்றக் கூடாத நிலம் கைமாறும் வித்தை நமக்குப் புதிதல்லவே. 506 நாள் அங்கே அமர்ந்திருந்தனர். 1978 மே 25 அன்று போலீசும் இராணுவமும் வந்து 222 பேரைக் கைது செய்தன. அன்று தோற்றதாகத் தெரிந்தது. ஆனால் 1985இல் சட்டம் திருத்தப்பட்டு, 1840 வரை பின்னோக்கிச் சென்று விசாரிக்கும் அதிகாரம் தீர்ப்பாயத்துக்குக் கிடைத்தது. ஓராக்கே நிலத்தின் ஒரு பகுதி திரும்பியது.

இலக்கிய அரங்கினரான நமக்கு இன்னொன்றும் முக்கியம். தவோங்கா என்பது நிலமும் மீனும் மட்டுமா, எங்கள் மொழி தவோங்கா இல்லையா என்று தீர்ப்பாயத்தின் முன் மாவோரிகள் வாதிட்டு வென்றனர். 1987இல் மாவோரி ஆட்சிமொழி ஆயிற்று. 147 ஆண்டுகளுக்கு முன் ஒரே இரவில் எழுதப்பட்ட மொழிபெயர்ப்பின் ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு ஒரு மொழியை மீட்டிருக்கிறார்கள்.

5. பணமா, நிலமா?

1995இல் வைகாத்தோ மக்களுக்கும் 1998இல் நாய் தாஹு மக்களுக்கும் தலா 17 கோடி நியூசிலாந்து டாலர் மதிப்பில் இழப்பீடு வந்தது. வைகாத்தோ சட்டத்தில், முடியரசின் மன்னிப்போடு, இரண்டாம் எலிசபெத் நேரிலேயே ஒப்பமிட்டார். 2014இல் தீர்ப்பாயம் இன்னொரு படி போயிற்று. 1840 பிப்ரவரியில் ஒப்பமிட்ட தலைவர்கள் இறையாண்மையை விட்டுக்கொடுக்கவில்லை என்று அறிக்கை தந்தது.

இதை வெற்றிக் கதையாக மட்டும் கொண்டாட முடியாது. இழந்ததன் மதிப்பில் இழப்பீடு சிறு பங்கே. தீர்ப்பாயத்தின் பெரும்பாலான முடிவுகள் பரிந்துரைகள்தாம், அரசைக் கட்டுப்படுத்தாதவை. ஒரு காலத்தில் நாடு முழுவதும் மாவோரி நிலமாக இருந்தது. இன்று மாவோரி நிலமாக எஞ்சியிருப்பது ஏறத்தாழ 5 சதவீதம்.

பணத்தை வாங்கலாமா என்ற கேள்விக்கு வேறு விடை சொன்னவர்களும் உண்டு. 1868இல் அமெரிக்க அரசு லாரமி கோட்டையில் லக்கோட்டா உள்ளிட்ட சூ மக்களோடு செய்த உடன்படிக்கை, கருங்குன்றுகளை அவர்களுக்கே உறுதி செய்தது. வயது வந்த ஆண்களில் நான்கில் மூன்று பங்கினர் ஒப்பமிடாமல் அந்த நிலத்தை எடுக்க முடியாது என்றும் அதில் இருந்தது. 1874இல் தங்கம் கிடைத்தது. 1877இல், தேவையான ஒப்பம் இல்லாமலே சட்டம் போட்டு எடுத்துக்கொண்டனர். 1980இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அது தவறு என்று ஒப்பி, வட்டியோடு 10 கோடி டாலருக்கும் மேல் இழப்பீடு வழங்கியது. வறுமையில் உழலும் அம்மக்கள் இன்றுவரை அதைத் தொடவில்லை. வட்டி சேர்ந்து நூறு கோடி டாலரைத் தாண்டிவிட்டது. குன்றுகள் விற்பனைக்கு இல்லை என்பதே அவர்கள் பதில். பணத்தை ஏற்று அதில் எழுந்து நின்றவர்களையும் ஏற்க மறுத்து நிற்பவர்களையும் எடைபோட்டு மதிப்பெண் போடுவது நம் வேலையல்ல. ஆனால் இரண்டு பாதைகளும் இருந்தன என்பதை நம் மாணவர்கள் அறிய வேண்டும்.

6. நம் கையிலுள்ள தாள்

செங்கல்பட்டு ஆட்சியர் பொறுப்பிலிருந்த திரமென்ஹீர் 1891இல் அளித்த அறிக்கையும், அதன் பின் 1892 செப்டம்பர் 30இல் வந்த அரசாணையும் நாம் அறிந்தவை. முதல் பத்தாண்டுகளுக்கு விற்கவோ அடகு வைக்கவோ கூடாது. அதன்பின்னும் ஒடுக்கப்பட்ட வகுப்பார் தவிர வேறெவருக்கும் கைமாற்றக் கூடாது என்ற நிபந்தனைகளும் தெரிந்தவையே. வைத்தாங்கியும் இதுவும் ஒன்று என்று நாம் சொல்லவில்லை. மாவோரிகள் ஒப்பமிட்ட ஒரு தரப்பு. நமக்கு வந்தது ஒப்படை. அதில் நம் முன்னோரின் கையெழுத்து கிடையாது. ஊரின் ஆதிக்கச் சாதியும் வருவாய்த்துறை ஏடும் நடுவில் நின்ற கதை நமக்கே உரியது. ஆனால் பறிபோன வழி ஒரே வழி: கைமாற்றக் கூடாது என்ற நிபந்தனை தாளில், கடனும் மிரட்டலும் பெயர் மாற்றமும் நிலத்தில். 1994இல் செங்கல்பட்டு மண்ணில் இதைக் கேட்டதற்காகத்தான் ஜான் தாமஸும் ஏழுமலையும் துப்பாக்கிக்குப் பலியானார்கள்.

மாவோரிகளிடமிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியவை மூன்று. முதலாவது, மூல ஆவணத்தை நம் மொழியில் நாமே படிப்பது. 'அ' பதிவேடும் அடங்கலும் ஒப்படை நிபந்தனையும் அதிகாரியின் வாய்வழி வரும் செய்தியாக இருக்கக் கூடாது. ஒவ்வொரு சேரியிலும் ஒரு மாணவருக்காவது அவற்றைப் படிக்கத் தெரிய வேண்டும். இரண்டாவது, மனுவின் தொடர்ச்சியை அறுக்காமல் வைப்பது. 1849இல் எழுதிய கடிதம் 1998இல் பயன்பட்டது, இடையிலிருந்த ஒவ்வொரு தலைமுறையும் இன்னொரு கடிதம் எழுதியதால். தாத்தா கொடுத்த மனுவின் நகலை வீட்டுப் பெட்டியிலிருந்து எடுத்துப் பத்திரப்படுத்துங்கள். மூன்றாவது, கிடைத்ததைக் காவல் காப்பது.

மூன்றாவதற்கு அண்மைச் சான்று உண்டு. 2024இல் உடன்படிக்கையின் கோட்பாடுகளைப் புதிதாக வரையறுக்கும் மசோதா நியூசிலாந்து நாடாளுமன்றத்துக்கு வந்தது. எல்லாருக்கும் சம உரிமை என்ற அழகான சொற்களில்தான் வந்தது. இடஒதுக்கீட்டை எதிர்ப்பவர்கள் வாயில் அந்தச் சொற்களை நாமும் கேட்டிருக்கிறோம். மாவோரிகள் மீண்டும் வடக்கிலிருந்து நடந்தார்கள். நவம்பர் 19 அன்று நாடாளுமன்றத்தின் முன் சுமார் 42,000 பேர் கூடியதாகப் போலீசே கணக்கிட்டது. 2025 ஏப்ரல் 10 அன்று மசோதா 112க்கு 11 என்ற வாக்கில் தோற்றது. அன்று நடந்தவர்களில் 1975இல் நடந்தவர்களின் பேரப்பிள்ளைகளும் இருந்தனர்.

கூட்டம் முடிந்து ஊர் திரும்பும் மாணவர்களிடம் ஒரு வேலையை ஒப்படைக்கிறோம். உங்கள் ஊரில் 1892க்குப் பிறகு எந்தெந்தப் புல எண்கள் நிபந்தனை நிலமாகக் கொடுக்கப்பட்டன, இன்று அவை யார் பெயரில் இருக்கின்றன என்று எழுதி வாருங்கள். அடுத்த ஆண்டு இதே மேடையில் அந்தப் பட்டியலைப் படிப்போம்.

ஜெய் பீம்.